பனிமேல் அச்சிட்டது

ஆறு உறைந்த மாதம் அது.
தேம்ஸின்மேல் ஆட்டை முழுசாகச் சுட்டார்கள்,
நாவிதன் நாற்காலி போட்டான்,
ஆம்ப்ரோஸ் திர்க்கெல் தன் அச்சு எந்திரத்தைச்
சறுக்குக் கட்டையில் இழுத்துவந்து நிறுத்தினான்.
உங்கள் பெயர், தேதி, 'பனிமேல் அச்சிட்டது':
ஆறு பென்ஸ்.
நானும் ஒன்று வாங்கினேன்.
என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

எழுபது எண்பது பெயருக்குப் பிறகு
அந்தி இறங்க, மை கெட்டியாக,
அவன் மனைவி ஜொகோசா
மைப்பந்தை விளக்கில் காட்டிக் காட்டித் தடவ
வேறொரு தாளும் இழுத்திருக்கிறார்கள்.
இரண்டே வரி.

ஏழைக்கு வந்த கரி எங்கே போச்சு?
——— பிரபு வீட்டு நாய்க்கெல்லாம் குளிர்விட்டுப் போச்சு.

பிரபுவுக்கு முன்னால் வெறும் கோடு,
ஒரு விரற்கடை நீளம்.
லண்டனில் பிரபுக்களுக்கா பஞ்சம்?

நான் நீதிமன்ற எழுத்தன்.
குற்றப்பத்திரிகையை லத்தீனில் எழுதவேண்டும்;
அவதூறை மட்டும் அவன் பாஷையில், அப்படியே.
காற்புள்ளி பிசகினாலும் வழக்கு விழுந்துவிடும்.
ஆக, திர்க்கெல்லை விட
ஒழுங்காக அதை எழுதியவன் நான்தான்.
அதோடு சட்டம் கேட்கிறது:
அந்தக் கோடு யார்?
இறகை மறுபடி தோய்த்து
கோட்டின் தலைமேல் எழுதினேன்:
'மேற்படி ஹேவர்பி பிரபுவைக் குறித்து.'
அதுவரை எந்தத் தாளிலும்
அவர் பெயரும் அந்த நாயும்
சேர்ந்து நின்றதில்லை.

விசாரணை ஏப்ரலில்.
குற்றம் நடந்த இடம்
அதற்குள் கடலுக்குப் போய்விட்டிருந்தது.

'எந்தப் பங்கில் அச்சானது?' என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
'இக்கரை லண்டன், அக்கரை சர்ரே.
நடுவில் நின்றவனை எந்த ஊர் ஜூரி விசாரிப்பது?'
நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
புனித பிரைடு பங்கு என்று
முன்பே எழுதி வைத்திருந்தேன்.
கரையில் அதுதான் பக்கம்.
'தாளில் இருக்கிறதே' என்றார். முடிந்தது.

'கரி போனது நிஜம்தானே ஐயா?'
திர்க்கெல் ஒரே ஒருமுறை வாய் திறந்தான்.
'நிஜமென்றால் குற்றம் இன்னும் பெரிது' என்றார்.

நான் வாசித்தேன்.
லத்தீனில் பாதி ஜூரி தூங்கிற்று.
நாய் என்று வந்தபோது
கூடமே திரும்பி
ஹேவர்பியின் ஆசனத்தைப் பார்த்தது.
மெழுகுவர்த்தி வியாபாரி ஒருவர்
கைத்துணிக்குள் வெகுநேரம் இருமினார்.
குற்றவாளி என்று சொன்னதும் அவர்தான்.

நூறு மார்க் அபராதம்,
தொழுமரத்தில் ஒரு மணி நேரம்,
எந்திரம் விறகு.
எனக்குப் பக்கத்துக்கு நாலு பென்ஸ்;
கோட்டை நிரப்பியதில் வரி கூடியதால்
இன்னும் ஒரு பக்கம்.

தொழுமரத்தில் அவனைப் பார்க்கப் போனேன்,
போகாமல் இருந்திருக்கலாம்.
தலையும் கையும் ஓட்டைக்கு வெளியே.
நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை.
முட்டை குறைவாகத்தான் விழுந்தது. விலை அப்படி.
ஜொகோசா கீழே நின்று
அவன் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.
என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.
'உங்கள் பெயரில் ஓர் எழுத்து தப்பிவிட்டது, ஐயா.
மறுநாள் வந்திருந்தால்
மாற்றிக் கொடுத்திருப்போம்' என்றாள்.

பிடித்த தாளையெல்லாம் எரித்தாயிற்று.
நான் எழுதியது ஆட்டுத்தோல்;
கோபுர அறையில் சுருட்டி வைத்திருக்கிறது,
எலிக்கும் எட்டாத உயரத்தில்.

என் சட்டைப்பையில்
நாலாய் மடித்த சீட்டு ஒன்று.
விசாரணை நடந்த அன்றும் அங்கேதான் இருந்தது.
தப்பான என் பெயர், சரியான தேதி,
கீழே இடம்:
பனிமேல்.